சுலாஸ்மிக்கு விழுந்த சீட்டு

மூர்தினியின் சலவைக் கடையில் துணியைக் கொடுத்தால் துணி வெளுத்து வரும், ரசீதைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கதையின் நடுப்பகுதி வரும். தலையும் இருக்காது, வாலும் இருக்காது. ஒரு பெண் பஸ்ஸில் ஏறுவாள், டிரைவர் இருக்கையில் ஆள் இருக்காது, பஸ் நகரும். அவ்வளவுதான், ரசீது தீர்ந்துவிடும். சலாத்திகாவில் பாதி வீடுகளில் இப்படி ஒரு துண்டு கிடந்தது. ஆனாலும் நாலு வருஷமாக ஒருவர்கூட அவளிடம் வாய் திறந்து கேட்டதில்லை. எங்கள் ஜாவா ஆட்களுக்கு இது ஒரு வியாதி. கேட்டால் எதிராளிக்குச் சங்கடமாகிவிடுமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். இங்கே நடந்த அத்தனை வினைக்கும் அந்த வியாதிதான் காரணம் என்பேன்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நூல் மில்லில் பதினெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவள். மில்லை இழுத்து மூடினார்கள். களிமந்தானுக்கு நிலக்கரி வெட்டப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். போகிற கழுதை போகட்டும் என்று மில் கொடுத்த பணத்தில் இரண்டு சலவை இயந்திரம் வாங்கிப் போட்டாள். ஒரே பிள்ளை செனோ. பத்தொன்பது வயதில், வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு செமாராங் போகும் வழியில், பாவென் வளைவில் லாரி மோதிச் செத்துப்போனான். இதோ, ஆறு வருஷம் ஆகிறது. அவன் போன பிறகுதான் இந்த எழுத்து வந்தது. இஸ்திரி மேஜையில் கைக்கு எட்டுகிற காகிதம் ரசீதுப் புத்தகம்தான், அதில் எழுதினாள். எழுதுகிற நேரம் மட்டும் மனசு சும்மா கிடந்தது.

ஆனால் செனோ கிளம்பிய அந்தக் காலையை மட்டும் அவள் எழுதவில்லை. அன்று ஒரு கல்யாண வீட்டு பாத்திக் துணிகள் மலைபோலக் குவிந்திருந்தன. செனோ வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்று, "இபு, அஞ்சே நிமிஷம். இதை மட்டும் தேச்சுக் குடுங்களேன்" என்றான். மூர்தினி தலையைத் திருப்பவில்லை. "ஊர்ல எல்லாரும் வரிசையிலதான் நிக்கறாங்க. நீயும் வரிசையில நில்லு" என்றாள். அவன் சிரித்தான். "சரி இபு, அப்ப நான்தான் கடைசி கஸ்டமர்" என்று சொல்லிக் கசங்கின சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு போனான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அந்தப் பழமொழியைச் சொன்னவன் எதிரில் வந்தால் அவள் அடித்தே விடுவாள்.

அவளுக்கு எழுத்துச் சிநேகம் கிடைத்தது சோபா தைக்கும் பாக் கியாந்தோவால். அவர் சோபா உறைகளை வெளுக்கப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் வந்து நின்றார். எங்கள் ஊரில் பெற்றவளும் இபுதான், மதிக்கிற எந்தப் பெண்ணும் இபுதான்; ஆண் என்றால் பாக், இளையவள் என்றால் டிக்.

"மிச்சம் எங்க, இபு?"

"அஞ்சு உறையும் கட்டி வெச்சிருக்கேன் பாக். எண்ணிப் பாத்துக்கங்க."

"உறை கிடக்கட்டும். அந்தப் பொம்பள ஆளில்லாத பஸ்ல ஏறினாளே, அப்புறம் என்ன ஆச்சு? மூணு நாளா எனக்குத் தூக்கம் போச்சு!"

மூர்தினிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "அது... பல் டாக்டர் வீட்டு ரசீதுல போயிடுச்சு."

மனுஷன் நிஜமாகவே பல் டாக்டர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அங்கிருந்து மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஹெஸ்டியிடம் போனார். இருபத்தாறு வயது, வாய் மட்டும் அறுபது வயசுக்கு நீளம். அவள் ஏழு துண்டு சேர்த்து வைத்திருந்தாள். சந்தையில் சோயாக் கட்டி டெம்பே விற்கும் அக்கா தங்கை இருவரிடம் நாலு துண்டு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து ஆசிரியை இபு சுலாஸ்மி பதினொன்றை நோட்டில் ஒட்டி, பிழை திருத்தி, பக்க எண்ணே போட்டு வைத்திருந்தாள். கதையைத் தேடிப் போனவர் ஆட்களைக் கண்டுபிடித்தார். தோண்டிக் கேட்டால் எல்லாருமே வீட்டில் யாருக்கும் தெரியாமல் எதையாவது கிறுக்குகிறவர்கள்தான்.

எங்கள் ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் சீட்டுப் போடாமல் கலைய மாட்டார்கள். அரிசிக்குச் சீட்டு, எண்ணெய்க்குச் சீட்டு, கல்யாணப் பாத்திரத்துக்குச் சீட்டு. இவர்கள் ஆறு பேரும் கதைக்குச் சீட்டுப் போட்டார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கியாந்தோவின் கடையில், அடுத்தவர் வீட்டு சோபாக்களில் உட்கார்ந்துகொண்டு, பொரித்த டெம்பேயும் சர்க்கரைத் தேநீருமாகக் கூடுவார்கள். ஆளுக்கொரு கதைக் கருவை நாலு வரியில் எழுதி மடித்துத் தகர டப்பாவில் போடவேண்டும். பிறகு பெயர்களைச் சுருட்டிக் கண்ணாடித் தம்ளரில் போட்டு, வாயைத் தாளால் கட்டி, தாளில் ஓர் ஓட்டை போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் விழுகிறதோ அவருக்கு டப்பா முழுக்கச் சொந்தம். அதில் ஒன்றை எடுத்து எழுதி அடுத்த கூட்டத்தில் படிக்கவேண்டும். போட்டவர் தன் கருவைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஒருமுறை பெயர் விழுந்தவருக்கு, எல்லாருக்கும் ஒரு சுற்று விழுந்து முடிகிறவரை மறுபடி கிடையாது.

மூர்தினி அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே மற்ற நாட்களைத் தள்ளினாள். யாரும் அவளை "பாவம்" என்று பார்க்காத ஒரே இடம் அது. அங்கே அவளைப் பார்த்தால், "வாங்க, பஸ் ஓட்டுனவன் யாருன்னு இன்னிக்காவது சொல்லுங்க" என்பார்கள்.

சுலாஸ்மிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எதை எழுதினாலும் நல்லபடியாகத்தான் முடிப்பாள்.

"இபு சுலாஸ்மி கதையில பேய்கூடக் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெத்துக்கும்," என்பாள் ஹெஸ்டி.

"பேய்க்கும் பசி உண்டு, டிக். சோறு போட்டு அனுப்பறதுதான் மரியாதை," என்பாள் சுலாஸ்மி.

மூர்தினியிடம் மட்டும் அவள் தனியாக ஒன்று சொல்வாள். "உன்கிட்ட ஒண்ணு இருக்கு. நீ அதைப் போட மாட்டேங்கறே. எனக்குச் சீட்டு விழற அன்னிக்குப் போடு. நான் பத்திரமாப் பாத்துக்கறேன்." மூர்தினி பேச்சை மாற்றிவிடுவாள். சந்தையில் கேட்டது, டெலிவிஷனில் பார்த்தது, கனவில் வந்தது என்று எதையாவது எழுதிப் போடுவாள்.

நாலாவது சுற்றில் ஹெஸ்டிக்கும் சுலாஸ்மிக்கும் மட்டும்தான் சீட்டு விழாமல் இருந்தது. அந்த மாதம் சுலாஸ்மி காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள், போய்விட்டாள். எல்லாரும் போய் அழுதார்கள், மண் போட்டார்கள். முப்பத்து மூன்றாம் நாள் அடுத்த கூட்டம் வந்தது.

செத்தவள் பெயரைத் தம்ளரிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஐந்து பேருக்கும் அது தெரியும். ஆனால் சீட்டு விழாமல் ஒரு பெயரை வெளியே எடுப்பது திருட்டுக்குச் சமம், அதிலும் செத்தவளிடமே திருடுவதா? பூனைக்கு யார் மணி கட்டுவது? கியாந்தோ ஹெஸ்டி எடுப்பாள் என்று இருந்தார், ஹெஸ்டி பெரியவர் எடுக்கட்டும் என்று இருந்தாள், அக்காவும் தங்கையும் டெம்பேயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூர்தினி வேறு யோசனையில் இருந்தாள். சாவு வீட்டிலிருந்து வந்ததிலிருந்து அவளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. கேட்டவள் போய்விட்டாள், இனி யாருக்காக இதைக் கட்டிக் காப்பது? ரசீதின் பின்பக்கத்தில் எழுதினாள்:

'ஊருக்கே சட்டை தேய்த்துக் கொடுக்கிற ஒருத்தியிடம் அவள் மகன் சட்டையை நீட்டுகிறான். வரிசையில் நில் என்கிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கசங்கிய சட்டையோடு போகிறான். வரவில்லை.'

மடித்து டப்பாவில் போட்டாள். ஹெஸ்டி கையால் எழுதப்பட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கியாந்தோ தம்ளரைக் குலுக்கினார். ஒரு சுருள் விழுந்தது. பிரித்தவர் படிக்கவில்லை.

"என்ன பாக், என் பேர் மறந்துபோச்சா?" என்று ஹெஸ்டி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "மறுபடி குலுக்குங்க."

"மறுபடி குலுக்கற வழக்கம் கிடையாதே."

"செத்தவங்களுக்குச் சீட்டுப் போடற வழக்கம் மட்டும் இருக்கா? குலுக்குங்க பாக்!"

சுருளை உள்ளே போட்டு இரண்டாந்தரம் குலுக்கினார். மறுபடியும் சுலாஸ்மிதான். ஹெஸ்டி தம்ளரைப் பிடுங்கித் தாளைக் கிழித்துப் பார்த்தாள். அவள் பெயர் எழுதிய சுருள் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, ஈரமாக. தம்ளரில் தண்ணீர் ஏது என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

முறை முறைதான் என்று கியாந்தோ முடிவு கட்டினார். ஐந்து கருக்களையும் ஒரு கவரில் போட்டு, அன்று சாயங்காலமே சுலாஸ்மியின் புருஷன் பாக் தார்சோவிடம் கொடுத்துவிட்டு வந்தார். தார்சோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வம்பு தும்புக்குப் போகாத மனுஷன். "நன்றிங்க" என்று இரண்டு கையாலும் வாங்கி, பெண்டாட்டியின் மேஜை மேல் வைத்தாராம்.

அன்று ராத்திரி மூர்தினி தலையணையில் தலை வைத்ததும் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். ஆறு வருஷத்தில் இப்படித் தூங்கினதே இல்லை. கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்ட மாதிரி இருந்தது.

நாலாம் நாள், கடையில் மாட்டியிருக்கும் துணிகளை ஒழுங்கு பண்ணும்போது கோடியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்குவதைப் பார்த்தாள். மார்பில் தேநீர் நிறத்தில் ஒரு கறை, எத்தனையோ தடவை துவைத்தும் போகாத கறை. எண் அட்டை இல்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"யாத்மி, இது எந்தக் கஸ்டமரோடது? இத்தனை நாளா எடுத்துட்டுப் போகாம போட்டு வெச்சிருக்காங்க?"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த யாத்மி, ஏழு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவள், அப்படியே நின்றாள்.

"விளையாடறீங்களா, இபு?"

"உன்னோட எனக்கென்ன விளையாட்டு? யாருதுன்னு கேட்டேன்."

"இபு, அது செனோவோட சட்டை. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்தது. நீங்கதானே வாராவாரம் துவைச்சுத் தேச்சு மாட்டுவீங்க? என்னைத் தொடவே விட மாட்டீங்களே!"

மூர்தினி ஸ்டூலில் உட்கார்ந்தாள். செனோ ஞாபகம் இருந்தான். ஆஸ்பத்திரி ஞாபகம் இருந்தது, குழியில் இறக்கியது ஞாபகம் இருந்தது. அன்று விடியலில் தொழுகைக்கு எழுந்தது ஞாபகம் இருந்தது, பதினோரு மணிக்குப் போலீஸிடமிருந்து போன் வந்தது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி அவள் அந்த இடத்தைத் துழாவித் துழாவிப் பார்த்தாள். பிள்ளை எதைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்? என்ன சொன்னான்? நான் என்ன சொல்லி அனுப்பினேன்? பெற்றவளுக்குத் தெரியவில்லை. டப்பாவில் ஏதோ எழுதிப் போட்டது தெரிந்தது, என்ன எழுதினோம் என்பது தெரியவில்லை.

கடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கியாந்தோவிடம் ஓடினாள். அவர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் ஊசியை எடுத்து மெத்தையில் குத்தி வைத்தார்.

"உங்களுக்கும் ஆயிடுச்சா?"

"எனக்குமா? அப்படின்னா?"

"நிஜமா நடந்து மனசுல கிடந்ததைப் போட்டா அது போயிடும், இபு. கேட்டது, இட்டுக் கட்டினது போட்டா ஒண்ணும் ஆகாது. போன வருஷம் நான் எங்கப்பா கதையைப் போட்டேன். சின்ன வயசுல வாளி எடுக்கறதுக்குன்னு என்னைக் கிணத்துல இறக்கி விட்டுட்டு, சீட்டாட உக்காந்துட்டாரு. சீட்டு விழுந்தவ ஹெஸ்டி, அவ எழுதினா. அவ படிச்சப்பதான் எனக்கு அது திரும்பி வந்துது."

"அப்ப வந்துடுமா? படிச்சா வந்துடுமா?"

"வரும். ஆனா எழுதினவங்க எப்படி எழுதினாங்களோ அப்படித்தான் வரும். ஹெஸ்டி கிணத்துத் தண்ணியில நிலா தெரிஞ்சுதுன்னு எழுதிட்டா. இப்ப எனக்கு நிலாதான் தெரியுது. எங்கண்ணன் சிரிக்கிறாரு, 'டேய், அது பட்டப்பகல்டா, நான்தானே தூக்கினேன் உன்னை'ங்கறாரு. பட்டப்பகல் எனக்கு வரவே மாட்டேங்குது."

"இதை ஏன் பாக் ஒரு வார்த்தை சொல்லலே?"

கியாந்தோ தலையைக் குனிந்துகொண்டார். "எப்படிச் சொல்றது? சங்கடமா இருந்துச்சு."

நாசமாய்ப் போகிற சங்கடம்! எழுத வேண்டியவள் மண்ணுக்குள் கிடக்கிறாள். யார் எழுதுவது, யார் படிப்பது? மூர்தினி அங்கிருந்தே தார்சோ வீட்டுக்கு நடந்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாதுதான். காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று போனாள்.

தார்சோ கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். முகம் வற்றிப்போயிருந்தது.

"பாக், அந்தக் கவர்ல என் சீட்டு ஒண்ணு இருக்கு..."

"தெரியும், இபு," என்றார் அவர், உள்ளே யாரோ தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி. "அவ எழுதிக்கிட்டிருக்கா."

"யாரு?"

"பேனாவை நான் தினம் காலையில மூடி வெக்கறேன். மத்தியானம் போய்ப் பாத்தா திறந்து கிடக்குது. நோட்டை நான் புரட்டிப் பாக்கலே. அவ எழுதறப்போ பாத்தா அவளுக்குப் பிடிக்காது. நாப்பது நாள்தான் அவ வீட்டுல இருப்பா, நாப்பதாம் நாள் வாங்க, இபு. அன்னிக்குள்ள முடிச்சிடுவா."

உள்ளே நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் கேட்டது. தார்சோ கதவை மெதுவாகச் சாத்தினார். வேறு ஊர்க்காரியாக இருந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். மூர்தினி, "சரிங்க, வர்றேங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்து தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

நாற்பதாம் நாள் ஓதல் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. ஆண்கள் முன் அறையில் ஓதினார்கள், பெண்கள் சமையல்கட்டில் அபெம் பணியாரமும் கோழியும் சோறும் பெட்டியில் கட்டினார்கள். மூர்தினி எத்தனை பெட்டி கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கண் முழுக்கப் பின் அறைக் கதவு மேலேயே இருந்தது. வந்தவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு போனதும், தார்சோ கதைச் சீட்டுக்காரர்கள் ஐந்து பேரையும் பின் அறைக்குள் கூப்பிட்டார்.

"இன்னிக்குப் பேனா மூடியிருந்துச்சு," என்றார். "முடிச்சிட்டா போலிருக்கு. பொழுது சாயறதுக்குள்ள படிச்சிடுங்க. மக்ரிப் பாங்கு சொன்னா அவ படியிறங்கிடுவா. கையில இருக்கறது எதுவோ அதை எடுத்துக்கிட்டுத்தான் போவா."

நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருந்தது. சுலாஸ்மியின் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பலகையில் எழுதின மாதிரி உருண்டு நிமிர்ந்த எழுத்து. தார்சோதான் எழுதினார் என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். எறும்பு மிதித்த மாதிரி இருக்கும்.

ஹெஸ்டி படித்தாள். முதலில் தட்டுத் தடுமாறிப் படித்தாள், பிறகு கதை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு சலவைக்காரி. அவளுடைய மகன். காலை வெயில். மகன் வெள்ளைச் சட்டையை நீட்டுகிறான். தாய் குவிந்து கிடக்கும் பாத்திக்கை ஒதுக்கிவிட்டு அவன் சட்டையை மேஜையில் விரிக்கிறாள்.

அப்போது மூர்தினிக்கு அது வந்தது. கதை போகப் போக அந்தக் காலை அவளுக்குள் வந்து நிறைந்தது. ஆவி வாசனை வந்தது. காலர், தோள், கை, முன்பக்கம், ஒவ்வொன்றாகப் படிந்து வந்தன. செனோ எதிரே நிற்கிறான், முகத்தைப் பார்க்க முடிகிறது, தலையைச் சீவியிருக்கிறான், தாடையில் சவரம் பண்ணும்போது வெட்டிக்கொண்ட சின்னக் காயம்கூடத் தெரிகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு, "சூடா இருக்கு, இபு" என்று சிரிக்கிறான். போகும்போது திரும்பிப் பார்க்கிறான். மூர்தினி அழுதாள். நான் தேய்த்துக் கொடுத்திருக்கிறேன், என் பிள்ளை சூடான சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்று சந்தோஷத்தில் அழுதாள். ஹெஸ்டியும் அழுதாள், அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"ஆண்டவனே, இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேணும்!" என்றார் கியாந்தோ.

தார்சோ கவரைத் திருப்பிக் கொடுத்தார். நாலு சீட்டு பிரிக்காமலே கிடந்தன. ஐந்தாவது மட்டும் பிரித்து மறுபடி மடித்திருந்தது. ரசீதுத் தாள். அதை மூர்தினியின் கையில் வைத்தார்.

கியாந்தோ அவசரமாகக் குறுக்கே வந்தார். "பிரிக்காதீங்க, இபு. வந்ததை வெச்சுக்கங்க. நான் சொல்றேன் கேளுங்க, நான் பட்டவன். நல்லதாத்தானே வந்திருக்கு?"

"எனக்கா இருந்தா சுக்கு நூறாக் கிழிச்சுப் போட்டுடுவேன்," என்றாள் ஹெஸ்டி. "அதுல என்ன இருந்தா என்ன? இனிமே அது வெறும் கரு."

மூர்தினியும் கிழிக்கத்தான் நினைத்தாள். கிழிப்பதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று கண்ணை மூடினாள். அதே காலை, அதே வெயில். சட்டை மேல் இஸ்திரிப் பெட்டி போகிறது, வருகிறது. அந்தக் கையை அவள் பார்த்தாள்.

தழும்பே இல்லாத கை. மூர்தினியின் கைகளில் விரலிலிருந்து முழங்கை வரை சூடுபடாத இடம் கிடையாது. இந்தக் கை மொழுமொழுவென்று இருந்தது, விரல் இடுக்கில் சுண்ணக்கட்டித் தூள். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தது. அப்படிக் கட்டுகிறவள் ஊரில் ஒருத்திதான், முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டே மணி பார்த்தவள்.

செனோ நிமிர்ந்து அவளைப் பார்த்து "இபு" என்கிறான். அவளை! அந்தக் கை நீண்டு அவன் காலரைச் சரி பண்ணுகிறது, கன்னத்தைத் தொடுகிறது. அவன் அவளுக்குத்தான் சிரிக்கிறான். மூர்தினி அந்தக் காலையில் எங்கே இருக்கிறாள் என்று தேடினாள். அறை முழுக்கத் தேடினாள். எங்குமே இல்லை.

கண்ணைத் திறந்தாள். அறையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலி சற்றுப் பின்னுக்குத் தள்ளியிருந்தது, யாரோ எழுந்து கிளம்பத் தயாரான மாதிரி. தெருக்கோடிப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"பாத்துக்கறேன்னு சொன்னீங்க," என்றாள் மூர்தினி, அந்த நாற்காலியைப் பார்த்து. "பத்திரமாப் பாத்துக்கறேன்னுதானே சொன்னீங்க? எடுத்துக்கறேன்னா சொன்னீங்க?"

ஹெஸ்டி அவள் தோளைப் பிடித்தாள். "யார்கிட்ட பேசறீங்க, இபு? என்னைப் பயமுறுத்தாதீங்க."

"உங்களுக்குப் பிள்ளை இல்லைங்கறதுக்காக என் பிள்ளையைத் தர முடியாது. இவ்வளவு நல்ல காலை எனக்கு வேணாம். என்னோடதைக் குடுங்க."

கியாந்தோ சீட்டைப் பிடுங்கக் கை நீட்டினார். மூர்தினி கையைத் தட்டிவிட்டாள். எங்கள் ஊரில் வயதில் பெரிய ஆண்பிள்ளையின் கையைத் தட்டிவிடுவது சாதாரணக் காரியம் இல்லை. அவர் இரண்டடி பின்னால் போனார். அவள் தாளைப் பிரித்து, தன் கையெழுத்தைத் தானே உரக்கப் படித்தாள். "ஊருக்கே சட்டை தேய்த்துக் கொடுக்கிற ஒருத்தியிடம் அவள் மகன் சட்டையை நீட்டுகிறான். வரிசையில் நில் என்கிறாள்." அந்த இடத்தில் நின்றாள். மூச்சு வாங்கினாள். மீதியையும் படித்தாள், கடைசி வார்த்தை வரைக்கும்.

படிக்கப் படிக்க வெயில் போயிற்று. சீவிய தலை போயிற்று, தாடைக் காயம் போயிற்று, சிரித்த முகம் போயிற்று. எதிரே பாத்திக் துணி மலை. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் மட்டும் இருந்தது. பழைய வலி வந்து நெஞ்சில் தன் இடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. மூர்தினி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாங்கு ஒலித்தது. முன்வாசல் கதவு தானாகத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, சாத்திக்கொண்டது. தார்சோ அந்தப் பக்கம் பார்த்துக் கை கூப்பினார். ஹெஸ்டிதான் குனிந்து மூர்தினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் இபு இப்படிப் பண்ணீங்க? முகத்தைப் பாத்தீங்களே. கையில கிடைச்சதை விட்டுட்டீங்களே."

"அன்னிக்கு முகத்தை நான் பாக்கவே இல்ல, டிக். நான் திரும்பவே இல்ல," என்றாள் மூர்தினி. "பின்னால நின்னு இபுன்னு கூப்பிட்டான். என்னைத்தான் கூப்பிட்டான்."